நான் படித்த ஒரு கவிதை: நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’

உயர்தர வகுப்பில் தமிழ் கற்கும் மாணவருக்கும், அவர்களுக்குப் படிப்பிக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் இக்கட்டுரையை எழுதுகிறேன். கவிதை ஒன்றைக் கொடுத்து, அதன் நயத்தை எழுதுக என்றால், எமது மாணவர் முதலிற் கவிஞரின் ஊரையும் பேரையும் எழுதுவர். அடுத்து மையக்கருத்து. அதன்பின் உவமை இத்தனை, உருவகம் இத்தனை, எதுகை மோனை இன்ன இடத்தில் என்று ஒரு பட்டியல். ஈற்றில், ‘இவ்வாறு கவிஞர் சிறப்பாகப் பாடியுள்ளார்’ என்று ஒரு முத்திரை. முப்பது வருடத்திற்கு மேலாக இத்தகைய விடைகளைத் திருத்திப் புள்ளி போட்டவன் நான். பிழை மாணவரில் இல்லை. நாங்கள் பழக்கியபடியே அவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அந்த விடைகளில் ஒன்றை மட்டும் நான் கண்டதில்லை. கவிதையைப் படித்தவர் யார், படித்தபோது அவருக்கு என்ன நடந்தது என்பது அங்கே இராது.

ஆகவே இந்தப் பாடத்தில் ஒரே ஒரு கவிதையை எடுத்து, அது எனக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லப்போகிறேன். கவிதை எம். ஏ. நுஃமான் 1981இல் எழுதிய ‘புத்தரின் படுகொலை’. இருபது முப்பது அடிகளுக்குள் முடிந்துவிடும் சிறு கவிதை. அதை இங்கே எடுத்து எழுதவில்லை, தேடிப் படித்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு இக்கட்டுரைக்கு வந்தால் இன்னும் நல்லது.

கவிதை யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வாசற்படியில் நடக்கிறது. எனவே அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில், 844 நூல்களுடன் அது ஒரு நூலகமாயிற்று. அதற்கு நிரந்தரமான மாளிகை ஒன்று வேண்டுமென்று உழைத்தவர்களுள் முன்னின்றவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த ஐரிஷ் குருவானவர், பத்திரிசியார் கல்லூரியின் அதிபர் லோங் அடிகளார். இந்திய நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையைப் பெற்றார்கள். சென்னையின் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் வரைந்தார். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1959இல் நூலகம் திறக்கப்பட்டது. முன்னால் வெள்ளைக் கலைமகள் வீற்றிருக்க, பின்னால் திராவிடச் சாயலில் வெள்ளைக் கட்டடம். சைவரும் கத்தோலிக்கரும் இசுலாமியரும் ஒரே மேசையில் முழங்கை முட்ட இருந்து படித்த இடம் அது.

எனக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை நேரே அங்கே விடுவேன். படிக்கத்தான் போனேன் என்று சொல்லமாட்டேன். மின்விசிறிக் காற்றுக்காகவும் போனதுண்டு. 1981 மே மாத முடிவில் இரவல் பகுதியிலிருந்து புதுமைப்பித்தன் கதைகள் எடுத்து வந்திருந்தேன்.

அந்த மாதம் 31ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு இன்னும் நான்கு நாட்கள். கூட்டணியின் தேர்தற் கூட்டமொன்றிற் காவலுக்கு நின்ற பொலிசார் சுடப்பட்டனர். அதன்பின் பொலிசார் நகருக்குள் இறங்கினர். கடைகள் எரிந்தன. ஈழநாடு பத்திரிகை அலுவலகம் எரிந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீடு எரிந்தது. அந்த நாட்களின் ஓர் இரவில் நூலகமும் எரிந்தது. கொழும்பிலிருந்து வந்த அமைச்சர்கள் இருவர் அப்போது யாழ் நகரிலேதான் தங்கியிருந்தனர். உள்ளே இருந்த நூல்கள் 97,000 என்பது பலரும் சொல்லும் கணக்கு. ஏட்டுச் சுவடிகள் வேறு.

பத்திரிசியார் கல்லூரியில் வாழ்ந்த தாவீது அடிகளாரை அறியாத தமிழறிஞர் இல்லை. சுவாமி ஞானப்பிரகாசருக்குப் பின் தமிழ்ச் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதிப் பணியைத் தொடர்ந்தவர், பன்மொழி வல்லவர். மேல்மாடியிலிருந்து நூலகம் எரிவதைக் கண்டவர் அவ்விடத்திலேயே சாய்ந்தார், உயிர் பிரிந்தது என்பது யாழ்ப்பாணத்தவர் யாவரும் சொல்லும் செய்தி. ஒரு குருவானவர் கட்டுவித்தார்; இன்னொரு குருவானவர் அது எரியக் கண்டு இறந்தார். எம் பங்கில் அந்நாளைய பெரியவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரவல் தவணை முடிந்த அன்று புதுமைப்பித்தனைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கொடுப்பதற்கு இடம் இல்லை என்று தெரிந்துதான் போனேன். படிக்கட்டில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நுஃமானின் கவிதை என் கைக்கு வந்தது அதற்குச் சில மாதங்களின் பின். நண்பன் ஒருவன் கொப்பித் தாளிற் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தான். கவிஞர் கல்முனைக்குடியைச் சேர்ந்தவர், மொழியியலாளர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் படிப்பித்தவர், பின்னாளிற் பேராதனையில் பேராசிரியராக இருந்தவர். பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குத் தந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பழக்கம் இந்தக் கவிதையிலும் தெரிகிறது என்பது என் எண்ணம். ஒப்பாரி வைக்காமல் துயரத்தைச் சொல்லும் முறையை அவர் அங்கே கண்டிருக்கவேண்டும்.

கவிதையில் நடப்பது இது. கவிஞர் ஒரு கனவு காண்கிறார். கனவிற் புத்தரைச் சாதாரண உடுப்பில் வந்த பொலிசார் சுட்டுவிடுகிறார்கள். உடல் நூலகப் படியருகே கிடக்கிறது. இருட்டில் அமைச்சர்கள் வருகிறார்கள். கொல்லவேண்டியவர்களின் பட்டியலில் இந்தப் பெயர் இல்லையே, ஏன் கொன்றீர்கள் என்று கோபிக்கிறார்கள். கொன்றவர்கள் பணிவாக மறுமொழி சொல்கிறார்கள்: பிழை ஒன்றும் நேரவில்லை, இந்த மனிதரை முதலில் முடிக்காமல் அற்பமான ஓர் உயிரைத்தானும் எங்களால் எடுக்க இயலவில்லை. சரி, பிணத்தை மறைத்துவிடுங்கள் என்று அமைச்சர்கள் போய்விடுகிறார்கள். பொலிசார் உடலை உள்ளே இழுத்துச் சென்று, நூலகத்தின் புத்தகங்களால் மூடி, சிகாலோவாத சூத்திரத்தைக் கொள்ளியாக்கி எரிக்கிறார்கள். உடலும் சாம்பல், தம்மபதமும் சாம்பல். அவ்வளவுதான்.

இப்போது செய்திறனைப் பார்ப்போம். மாணவர் முதலிற் கவனிக்கவேண்டியது இங்கே அடைமொழி மிகக் குறைவு என்பது. கொடியவர், பாதகர், அரக்கர் என்று ஒரு சொல் இல்லை. பொலிஸ் நிலையத்தில் எழுதும் முறைப்பாடுபோல நடந்தது நடந்தபடி வருகிறது. பேச்சுக்குக் கிட்டிய ஓசை. இரண்டாவது, தமிழர் என்ற சொல்லோ சிங்களவர் என்ற சொல்லோ கவிதையில் இல்லை. அந்த நாட்களில் இந்த இரண்டு சொற்களும் இல்லாமல் எங்களுக்கு ஒரு வசனம் பேசத் தெரியாது. அவை இல்லாமலே அவர் ஒரு கவிதையை எழுதி முடித்தார்.

மூன்றாவது அமைச்சர்களின் கோபம். கொலை நடந்ததற்காக அவர்கள் கோபிக்கவில்லை. பட்டியல் மீறப்பட்டதற்காகவே கோபம். பட்டியலில் உள்ளவர் செத்திருந்தால் அவர்கள் நித்திரை கலைந்திருக்கமாட்டார்கள். இதைக் கவிஞர் விளக்கவில்லை. ஒரு கேள்விக்குள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நான்காவது எனக்குப் பிந்தியே விளங்கியது. இந்தக் கவிதையில் உண்மை பேசுகிறவர்கள் கொன்றவர்கள் மட்டுமே. தாங்கள் எதைச் செய்தோம், அதற்கு முன் எதைச் செய்யவேண்டியிருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் மறைப்பதைப் பற்றியே பேசுகிறார்கள்.

பதினேழு பதினெட்டு வயதில் இவை ஒன்றும் என் கண்ணிற் படவில்லை. எனக்கு அது சுட்டுவிரல் நீட்டும் கவிதை. பாருங்கள், இவர்கள் தங்கள் கடவுளையே கொன்றவர்கள் என்று சொல்ல ஒரு நல்ல ஆயுதம். (புத்தரைப் பௌத்தர் கடவுள் என்று சொல்வதில்லை என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது.) பாடமாக்கி வைத்திருந்தேன். கூட்டங்களில், நண்பர் மத்தியில், கையைக் காலை ஆட்டிச் சொல்வேன். கவிதையில் இல்லாத கோபத்தை என் குரலாற் கொடுத்துச் சொல்வேன்.

நான் ஆசிரியனானதும் பாடவிதானத்தில் இல்லாத இந்தக் கவிதையை வகுப்புக்குக் கொண்டுபோனேன். 1989 என்று நினைவு, பத்தாம் வகுப்பு. வாசித்து முடித்ததும் பின் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான்.

“சேர், புத்தர் செத்து ரண்டாயிரத்தைந்நூறு வருசமாச்சுதெல்லோ? பிறகு எப்பிடிச் சுடுறது?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, அது கனவு என்று சொல்லி இருத்தினேன். உண்மையில் நல்ல கேள்வி. செத்தவரை எப்படிச் சுடுவது என்பதற்கு விடை கண்டவன் கவிதையின் பாதியைக் கண்டுவிட்டான். இன்னொருவன் கேட்டது அதைவிடக் கடினம்.

“எங்கட நூலகம் எரிஞ்சதுக்கு அழாமல், இவர் புத்தருக்கல்லோ கூட அழுறார்?”

இந்தக் குறையைப் பின்னாளிலும் படித்தவர்கள் வாயாற் கேட்டிருக்கிறேன். எரிந்தது எமது நூலகம், துயரம் எமது, ஆனால் கவிதையில் மாண்டவர் வேறொருவர். குறையிற் கொஞ்சம் நியாயம் உண்டென்றே இன்றும் எண்ணுகிறேன். எங்கள் புத்தகங்கள் அங்கே ஒருவரின் உடலை மூடும் விறகாகத்தான் வருகின்றன. செல்லப்பாவின் 844 நூல்களும், லோங் அடிகளார் பட்ட பாடும் அதில் இல்லை. ஆனால் எங்கள் இழப்பைப் பாடிய கவிதைகள் அந்தக் காலத்தில் ஒன்று இரண்டல்ல. அவற்றுட் பல மறந்துபோயின. இது மட்டும் தங்கிய காரணம், எரித்தவனும் எதையோ இழந்தான் என்று இது சொன்னதுதான். ஒரு முசுலிம் கவிஞர் புத்தருக்காகத் துக்கம் காத்தார். அந்தத் துக்கத்துக்குள் எமக்கும் இடம் இருந்தது.

மூன்றாவது கேள்வி முன் வாங்கிலிருந்து வந்தது. எமது வகுப்பிற் சோனகதெருப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், பேச்சுக் குறைந்த பிள்ளை, கையை அரைவாசி உயர்த்திக் கேட்டார்.

“சேர், அந்தச் சூத்திரம் என்ன? ஏன் அதைக் கொழுத்தினவை?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல அந்த வயதில் எனக்கு மனம் வரவில்லை. “அது அவையின்ர சமயப் புத்தகம் ஏதோ ஒண்டு” என்றேன். “ஓசைக்காகப் போட்டிருக்கிறார்” என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆசிரியர்களே, ஒரு சொல் விளங்காத இடத்தில் ஓசையின் தலையிற் பழி போடாதீர்கள். நல்ல கவிஞன் ஒருவன் அத்தனை நீளமான பெயரை ஓசைக்காகச் சுமந்து வருவதில்லை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை, யாழ் நகரத்து முசுலிம் மக்களை விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளியேறவேண்டும் என்று கட்டளையிட்டார்கள். மன்னாரிலும் சாவகச்சேரியிலும் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்கள் சுடப்பட்டிருந்தார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். வாசலிற் சோதனை செய்து நகையையும் பணத்தையும் பறித்துக்கொண்டே அனுப்பினார்கள். பலர் புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டில்களுக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் அன்று வீட்டில் இருந்தேன். வீதியிற் சனம் போகும் சத்தம் கேட்டது. ஒருவன் மனிதனாய் எழும்பிச் சந்திவரை நடந்து போயிருக்கலாம். அந்த இரண்டு பிள்ளைகளும் எந்த வாகனத்தில் ஏறினார்கள் என்று பார்த்திருக்கலாம். ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்திருக்கலாம். துவக்குக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பயமும் இருந்தது. அதோடு, இதற்கு ஏதோ காரணம் இருக்கும், எங்களுக்குத் தெரியாத விசயம் ஏதோ இருக்கும் என்று மனதுக்குள் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சை நான் கேட்டேன்.

பள்ளிக்கூடம் மறுபடி கூடியபோது முன் வாங்கில் இரண்டு இடம் வெறுமையாக இருந்தது. இடாப்புக் கூப்பிடும்போது அந்த இரண்டு பெயரையும் கூப்பிடாமல் தாண்டிப் போனேன். வகுப்பில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பின் அந்தக் கவிதையை நான் வகுப்பில் வாசிக்கவில்லை. ஏன் என்று அப்போது என்னையே நான் கேட்டதில்லை. இனிக் காலம் சரியில்லை, வில்லங்கம் என்று ஒரு சாட்டு இருந்தது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் வெளியேறியபோது நானும் ஒரு பையோடு போனேன். திகதியை அன்றைக்கே நினைத்தேன். திரும்பி வந்தபோது வீட்டில் கவிதை எழுதிய கொப்பியும் இல்லை, திருப்பிக் கொடாத புதுமைப்பித்தனும் இல்லை.

2004ஆம் ஆண்டு, விடைத்தாள் திருத்துவதற்காகக் கொழும்புக்குப் போயிருந்தேன். தேநீர் இடைவேளையில் நான் மண்டபத்துக்குள் வர, தாடி வைத்த இளம் ஆசிரியர் ஒருவர் கதிரையை விட்டு எழுந்து நின்றார். யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. “சேர், முன் வாங்கு” என்றார். புத்தளத்தில் தமிழ் படிப்பிக்கிறாராம். திருமணமாகி இரண்டு பிள்ளைகளாம். மற்றப் பையன் சவூதியில் என்றார். நான் என்ன கேட்பது என்று தெரியாமல் பாடவிதானம் பற்றிக் கேட்டேன். அவரும் மரியாதையாகப் பாடவிதானம் பற்றியே சொன்னார். மணி அடித்ததும் எழும்பினோம்.

“புத்தரின் படுகொலை நானும் பிள்ளைகளுக்கு வாசிக்கிறனான், சேர். நீங்கள் தந்தது” என்றார். “அந்தச் சூத்திரம் என்னெண்டு பிறகு பார்த்தனீங்களோ?”

“இல்லை” என்றேன்.

“பாருங்கோ சேர். தெற்குத் திசை.”

வேறொன்றும் சொல்லவில்லை. நான் ஊர் திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன்.

சிகாலோவாத சூத்திரம் தீக நிகாயத்தில் 31ஆவது. துறவிகளுக்கன்றி இல்லறத்தாருக்குப் புத்தர் சொன்ன ஒழுக்கம் அதிலே உள்ளது. சிகாலன் என்ற இளைஞன் காலையில் நனைந்த உடையோடும் ஈரத் தலையோடும் நின்று ஆறு திசைகளையும் கும்பிடுகிறான். ஏன் என்று கேட்டதற்கு, தகப்பனார் சாகும்போது சொன்னார் என்கிறான். புத்தர் அவனைக் கேலி செய்யவில்லை. திசைகளை வணங்கும் முறை வேறு என்று சொல்லித் தருகிறார். கிழக்கு என்பது தாய் தந்தையர். தெற்கு ஆசிரியர். மேற்கு மனைவி மக்கள். வடக்கு நண்பரும் தோழரும். கீழ்த்திசை வேலையாட்கள். மேல்திசை துறவிகளும் அந்தணரும். ஒவ்வொரு திசைக்கும் நீ செய்யவேண்டியது இது, அத்திசை உனக்குச் செய்யவேண்டியது இது என்று இரு பக்கமும் கடமைகள் வருகின்றன. ஒருவனைச் சுற்றி இருக்கும் மனிதர் யாவரும் அவன் வணங்கவேண்டிய திசைகளாகிவிடுகிறார்கள். தெற்கு என்றால் எமது பேச்சில் வேறு பொருள். புத்தரின் கணக்கில் அது கரும்பலகை முன் நிற்பவர்.

அந்தச் சூத்திரத்தைத்தான் கவிஞர் தீ மூட்டக் கொடுத்திருக்கிறார். பௌத்த நூல்கள் எத்தனையோ இருக்க, மனிதர் அயலாரோடு எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் நூலைத் தேடி எடுத்திருக்கிறார். முதலில் எரிவது அது. மற்றவை அதிலிருந்து பற்றுகின்றன. ஓசைக்காகப் போட்டிருக்கிறார் என்று சொன்னேனே!

ஆசிரியருக்கு மாணவன் செய்யவேண்டியன ஐந்து. அவற்றுள் முதலாவது, அவரைக் கண்டதும் எழுந்து நிற்றல். மாணவனுக்கு ஆசிரியர் செய்யவேண்டியனவும் ஐந்து. நன்றாகப் பயிற்றுதல், நன்றாக விளங்கவைத்தல், தாம் கற்ற கலை முழுவதையும் கற்பித்தல், நண்பரிடையே அவனைப் பற்றி நல்லது சொல்லி அறிமுகப்படுத்தல். ஐந்தாவது, எல்லாத் திசைகளிலும் அவனுக்குப் பாதுகாப்பாக இருத்தல்.

இதைப் படித்த இரவில் அந்தக் கவிதை எனக்கு வேறு கவிதையாயிற்று. கொன்றவர்களின் மறுமொழியில் என் குரல் கேட்டது. உயிர் ஒன்றை எடுக்குமுன் அதற்குத் தடையாய் நிற்பவரை முதலில் முடிக்கவேண்டியிருக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள் அல்லவா? நான் துவக்குத் தூக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்து, ஏதோ காரணம் இருக்கும் என்று சொல்லிக்கொள்வதற்கும் முதலில் ஒருவரை மௌனமாக்கவேண்டியிருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் சிலுவைச் சுரூபம் தொங்குகிறது. அதன் கீழேதான் அன்று நான் இருந்தேன். அந்நியனாய் இருந்தேன், நீங்கள் என்னை ஏற்றுக்கொண்டீர்கள் என்று சொன்னவரின் சுரூபம். பட்டியலில் அவர் பெயரும் இருந்திருக்காது.

எமது பிரசங்கங்களிலும் கட்டுரைகளிலும், பிற சமயத்தார் ஒருவரைப் பற்றி நல்ல கவிதை கண்டால், உடனே அது கிறிஸ்துவைக் குறிக்கிறது என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. அதை நான் விரும்புவதில்லை. நுஃமானின் கவிதையில் இறப்பவர் புத்தர்தான். அவரை இடம் மாற்ற எமக்கு உரிமை இல்லை. நான் சொல்வது கவிதையின் பொருள் அல்ல, அதைப் படித்தவனுக்கு நடந்தது. நயம் எழுதும் மாணவர் இந்த இரண்டையும் குழப்பக்கூடாது. முதலிற் கவிதையில் இருப்பதைச் சொல்லுங்கள்; அதன்பின் உங்களுக்கு நடந்ததை, நடந்தபடியே எழுதுங்கள். இரண்டுக்கும் தனித்தனியே புள்ளி உண்டு, குறைந்தது என்னிடத்தில்.

பின் வாங்குப் பையனின் கேள்விக்கும் எனக்கு விடை கிடைத்தது அந்த இரவிலேதான். இரண்டாயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன் இறந்தவரைச் சுடுவதற்கு அவர் எங்கேயாவது உயிரோடு இருக்கவேண்டும். பொலிசாரில் ஒருவனுக்குக் கை நடுங்கியிருந்தால் அங்கே இருந்திருப்பார்.

2005இலிருந்து மறுபடி அந்தக் கவிதையை வகுப்பில் வாசிக்கத் தொடங்கினேன். குரலை உயர்த்தாமல், பொலிஸ் முறைப்பாடு வாசிப்பதுபோல. சூத்திரத்தின் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, ஆறு திசைகளையும் கரும்பலகையில் வரைவேன். தெற்கின் கீழ் மாணவரின் ஐந்தையும் ஆசிரியரின் ஐந்தையும் எழுதுவேன். எழுதும்போதெல்லாம் கொழும்பில் அந்தத் தாடி வைத்த ஆசிரியர் கதிரையை விட்டு எழுந்து நின்றது கண்முன் வரும். தெற்குத் திசையைப் பாருங்கள் என்றவர், தான் எழுந்து நின்ற அந்த ஐந்தை நினைத்துச் சொன்னாரா, என் பக்கத்து ஐந்தை நினைத்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. வருடத்தில் இரண்டு முறையாவது தொலைபேசியிற் பேசுகிறோம். இன்னும் கேட்கவில்லை.